பார்சலில் வந்த சிறுவிடை அடைமுட்டை: விற்றவருக்கு எத்தனை மதிப்பெண்?

ஈரோடு மாவட்டத்தில் சிறுவிடை என்னும் சிறிய உடல்கொண்ட நாட்டுக்கோழி வகையை வளர்த்து, அடைவைப்பதற்கான முட்டைகளை வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு சிறு பண்ணையிடம் தை மாதத்திலும், பிறகு சித்திரையிலும் முட்டை வாங்கினேன். அவற்றைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கோழிகளின் கீழ் அடைவைத்ததில் கண்டதை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பண்ணையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையில், ஏறக்குறைய இதே நிபந்தனைகளோடு முட்டை விற்பவர்கள் கொங்குப் பகுதியிலும் மதுரை, திண்டுக்கல் பக்கத்திலும் நிறையப் பேர் இருப்பதால், இங்கே சொல்லும் நிறைகுறைகள் அவர்களிடம் வாங்க நினைப்போருக்கும் உதவக்கூடும்.

அடைமுட்டை விற்பவர்களைப் பற்றி வாங்கியவர்கள் எழுதும் கருத்துகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. எல்லாம் பொரித்துவிட்டால் "அருமையான பண்ணை". பாதி கூமுட்டையாகிவிட்டால் "ஏமாற்று வேலை, வாங்காதீர்கள்". ஆனால் ஒரு முட்டை பொரிக்காமல் போவதற்குச் சேவல் காரணமாக இருக்கலாம், பார்சல் வந்த வழி காரணமாக இருக்கலாம், அடையில் இருந்த கோழியும் காரணமாக இருக்கலாம். பொரிக்காத முட்டையை வெளிச்சத்தில் பிடித்தும் உடைத்தும் பார்த்த பிறகே விற்றவரைக் குறை சொல்லவோ பாராட்டவோ நமக்கு உரிமை உண்டு என்பது என் கருத்து. ஆகவே குஞ்சுகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் மதிப்பெண் போடாமல், வீணான முட்டைகள் ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் வீணாயின என்று பார்த்து, அதில் விற்றவரின் பங்கு எவ்வளவோ அதற்கு மட்டும் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

முதலில் ஆர்டர் கொடுக்கும் முறை. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் அன்று மாலையே பண்ணைக்காரர் தொலைபேசியில் அழைத்துவிடுகிறார். குறைந்தது ஒரு டஜன் வாங்க வேண்டும். சமையலுக்கு விற்கும் நாட்டுக்கோழி முட்டையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. பார்சல் கட்டணம் தனி. பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: "கோழி அடைக்கு உக்காந்திருச்சுங்களா? உக்காராம முட்டைய வாங்கி வெச்சு என்னங்க பண்ணுவீங்க?" முட்டை விற்றால் போதும் என்று நினைப்பவர் இதைக் கேட்கமாட்டார். ஓர் அடைமுட்டையின் ஆயுள் ஒரு வாரம்தான். இட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் அடைவைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். வழியிலேயே ஓரிரு நாட்கள் போய்விடுகிற பார்சல் முட்டையைக் கோழிக்காகக் காக்க வைப்பது வீண்.

கோழி உண்மையிலேயே அடைக்கு உட்கார்ந்துவிட்டதா என்பதை அவர் விசாரித்த விதமும் அனுபவம் உள்ளவரின் விசாரிப்பு. பகலில் கூட்டில் இருந்தால் போதாது, இரவிலும் அங்கேயே இருக்கிறதா, கையை நீட்டினால் உடலை உப்பிக்கொண்டு கேறுகிறதா, மார்பு இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கிறதா, நாளுக்கு ஒருமுறை மட்டும் எழுந்து குவியலாக, நாற்றமாக எச்சமிட்டுவிட்டு ஓடிவந்து மீண்டும் உட்காருகிறதா என்று கேட்டார். முட்டை வந்து சேரும்வரை பழைய முட்டை இரண்டு மூன்றை அடியில் விட்டுவைத்து, கோழி அடை கலையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இந்த முன்யோசனைக்கு முழு மதிப்பெண்.

பொதிவதிலும் தை மாதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. அட்டைப் பெட்டியின் அடியில் நெல் உமி, அதன்மேல் காகிதக் கூழ் தட்டு, ஒவ்வொரு முட்டையும் செய்தித்தாளில் சுற்றப்பட்டுக் கூர்முனை கீழாக நின்றது. மேலேயும் இடைவெளிகளிலும் உமி. பெட்டியை ஆட்டிப் பார்த்தால் உள்ளே எதுவும் அசையவில்லை. ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதி பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. பேனா மையோ மார்க்கர் மையோ ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளே இறங்கக்கூடும் என்பதால் பென்சிலே சரி. முட்டைகள் கழுவப்படாமல் இருந்ததை இன்னொரு நல்ல அடையாளமாகக் கருதுகிறேன். சிலர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக முட்டையைக் கழுவி அனுப்புகிறார்கள். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு அதில் போய்விடும்; குளிர்ந்த நீரில் கழுவினால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளியில் உள்ள அழுக்கையும் கிருமியையும் துளைகள் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். கூமுட்டை வெடித்து வீடே நாறுவதற்குப் பல நேரங்களில் இந்தப் பளிச்சிடும் முட்டைதான் காரணம்.

இரவுப் பேருந்தில் ஏற்றி, ஈரோட்டிலிருந்து கரூர், திருச்சி வழியாக விடியும் முன் தஞ்சாவூருக்கு வந்துவிட்டதால் வெயில் படவே இல்லை. ஆனாலும் சாலையின் குலுக்கலிலிருந்து எந்தப் பெட்டியும் தப்ப முடியாது. வந்த முட்டைகளை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை சிலவற்றில் நிலையாக இல்லாமல், முட்டையைச் சாய்க்கும் பக்கமெல்லாம் ரசமட்டத்தின் குமிழ்போல நகர்ந்தது. குலுக்கலில் உட்சவ்வு விடுபட்டிருப்பதன் அறிகுறி அது. அத்தகைய முட்டைகளை உடனே கோழியின் கீழ் வைக்கக் கூடாது; கூர்முனை கீழாக, ஆட்டாமல், ஒரு முழு நாள் குளிர்ச்சியான இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். இந்தக் குறிப்பைப் பண்ணைக்காரர் பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொலைபேசியில் கேட்டபோது சொன்னார். கேட்காதவர்களுக்கு யார் சொல்வார்கள்?

அடைவைத்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூங்கில் கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, இருட்டிய பிறகு முட்டைகளைக் கோழியின் கீழ் மெல்லத் தள்ளிவைத்தோம். சிறுவிடை முட்டை சிறியது என்றாலும் ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. இறகுக்கு வெளியே துருத்திக்கொண்டு இருக்கும் முட்டை முறை மாற்றி முறை குளிர்ந்து, கடைசியில் எல்லாமே கெடும். பேன் பற்றாமல் இருக்க வைக்கோலுக்கு இடையே வேப்பிலையும் நொச்சியும் சேர்த்தோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இடிக்குக் காவலாக ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் காய்ந்த மிளகாயையும் கூடையில் போட்டார்கள். தை மாதத்தில் இடி எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. கோழிக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

விற்றவரின் நாணயம் தெரியும் நாள் ஏழாம் நாள். அட்டையில் முட்டையின் அகன்ற முனை பொருந்தும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, அதன் பின்னால் கைபேசி டார்ச்சை வைத்தாலே போதும். இதற்கென்று விற்கும் கருவி தேவையில்லை. கோழி மேய எழும் நேரத்தில் பார்ப்பதைவிட, இரவில் ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது அதற்குத் தொந்தரவு குறைவு. உயிருள்ள முட்டையில் மேற்பக்கம் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளைவிடும் சிவந்த நரம்புகளும் தெரியும். சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் அந்தப் புள்ளி அசைவதும் தெரியும். கரு கூடாத முட்டை மங்கலான மஞ்சள் நிழலோடு தெளிவாக இருக்கும். மூன்றாவது வகை ஒன்று உண்டு: நரம்புகள் எதுவும் இல்லாமல், ஓட்டை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடு மட்டும் வளையமாக நிற்கும். கரு கூடி, சில நாட்கள் வளர்ந்து, இறந்து, இரத்தம் விளிம்புக்கு ஒதுங்கிவிட்ட முட்டை அது. இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் கூமுட்டை என்று ஒரே கணக்கில் எழுதுவதுதான் பெரும்பாலான சண்டைகளுக்குத் தொடக்கம்.

தெளிவாகத் தெரிந்தவற்றையும் நான் அப்படியே நம்பவில்லை. முதல் இரண்டு நாட்களிலேயே இறந்துபோன கருவும் வெளிச்சத்தில் தெளிவாகவே தெரியும் என்பதால், ஒவ்வொன்றையும் தோட்டத்து மூலையில் ஒரு வெள்ளைத் தட்டில் உடைத்துப் பார்த்தேன். மஞ்சள் கருவின் மேல் சிறிய, ஒழுங்கற்ற, அடர்ந்த ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் அதில் சேவலின் பங்கு இல்லை. அந்தப் புள்ளி பெரிதாகப் பரவி, நடுவில் ஒளிபுகும் வட்டமும் சுற்றிலும் வெண்ணிற வளையமுமாக இருந்தாலோ, மஞ்சள் கருவின்மேல் பால் படர்ந்தது போல ஒரு பகுதி வெளுத்திருந்தாலோ கரு கூடி வளரத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். தை மாதத்து முட்டைகளில் உண்மையிலேயே கரு கூடாதவை மிகச் சிலவே. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கில் வளர்ப்பதாக அவர் சொன்னது நம்பத்தகுந்ததுதான் என்று அந்தத் தட்டைப் பார்த்தே முடிவுசெய்தேன்.

அந்தச் சில முட்டைகளுக்கும் அவர் ஈடு தருகிறார். ஏழாம் நாள் வெளிச்சத்தில் எடுத்த காணொளியை, முட்டையில் எழுதிய தேதி தெரியும்படி அனுப்பினால், அடுத்த ஆர்டரோடு அதே எண்ணிக்கையில் முட்டை சேர்த்து அனுப்பப்படும். பணமாகத் திரும்பக் கிடைக்காது. "வெறும் முட்டையா இருந்தா எங் கணக்குங்க. கரு கூடுனதுக்கப்புறம் உங்க கோழி கணக்குங்க" என்பது அவர் விதி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சித்திரை வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சித்திரையில் இன்னொரு கோழி அடைக்கு உட்கார்ந்ததும் மீண்டும் ஆர்டர் கொடுத்தேன். அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்த நேரம். அனுப்புவது சரியாக இருக்குமா என்று கேட்டதற்குத் தயக்கமே இல்லாமல் அனுப்பலாம் என்றார். இந்த முறை பேருந்துக்குப் பதிலாகக் கூரியர். பெட்டி கிடங்கிலும் வண்டியிலுமாக இரண்டு பகல் கிடந்து வந்து சேர்ந்தபோது, அட்டை கையில் சுட்டது. பொதிந்த விதத்தில் குறை இல்லை, ஒரு முட்டைகூட உடையவில்லை. ஆனால் ஏழாம் நாள் டார்ச் பிடித்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரத்த வளையங்கள். நரம்போடு இருந்தவை பாதிக்கும் குறைவு.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடைமுட்டை வாங்குபவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி இதுதான். முட்டை இடப்படும்போதே உள்ளே கரு ஓரளவு வளர்ந்திருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் அந்த வளர்ச்சி நின்றுபோகும். ஏறக்குறைய 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்வரை அது உறங்கும். சேமித்து வைக்க 13 முதல் 18 டிகிரி வரை ஏற்றது என்று சொல்வது இதனால்தான். அதற்கு மேலே போனால் கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். ஒழுங்காக வளர 37.5 டிகிரி தொடர்ந்து வேண்டும். 30, 32 என்று ஏறியும் இறங்கியும் இருக்கும் வெப்பத்தில் அது வளரத் தொடங்கி, தடுமாறி, பலவீனமாகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல கோழியின் கீழ் வைத்தாலும் மூன்று நான்கு நாட்களுக்குள் இறந்துவிடும். வாங்கியவர் அதை இரத்த வளையமாகக் காண்பார். விற்றவரோ "கரு கூடியிருக்கிறதே, அப்புறம் உங்கள் கோழி கணக்கு" என்பார்.

ஆகவே அவருடைய ஈட்டு விதி குளிர்காலத்துக்கு மட்டுமே நியாயமானது. கோடையில் வழியில் செத்த கருவுக்கு அடைக்கோழி எப்படிப் பொறுப்பாகும்? இதை அவரிடம் சொன்னபோது மறுக்கவில்லை. "ஆளுங்க கேக்கறாங்க, இல்லேன்னு சொல்ல முடியலைங்க" என்றார். கோடையில் தன் வீட்டிலேயே முட்டைகளை ஈரமணல் சட்டியின் மேல் வைத்துக் குளிர்ச்சியாகக் காப்பாற்றுவதாகவும் சொன்னார். அதாவது வெப்பம் முட்டையை என்ன செய்யும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் கூரியரில் அனுப்பிவிட்டு, இழப்பை வாங்கியவர் தலையில் கட்டுவதைத்தான் நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். பங்குனி முதல் ஆனி வரை வெளியூர் ஆர்டர் எடுப்பதில்லை என்று அறிவித்துவிடலாம். அல்லது இரவுப் பேருந்து நேரடியாகப் போகும் ஊர்களுக்கு மட்டும் அனுப்பலாம். இரண்டையும் செய்யமுடியாது என்றால் இரத்த வளையத்துக்கும் ஈடு தர வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் இறந்தவை இரண்டு முறையும் அரிது. இதை நான் பண்ணையின் தீவனத்துக்குக் கிடைத்த நல்ல சான்றாக எடுத்துக்கொள்கிறேன். தாய்க்கோழிக்குக் கீரை, பூச்சி, தவிடு, தானியம் என்று கலந்து கிடைக்காமல் ரைபோஃபிளேவின் போன்ற சத்துகள் குறைந்தால், கரு நடு வாரத்தில்தான் சாகும். உடைத்துப் பார்த்தால் குஞ்சின் மென்மயிர் விரியாமல் முடிச்சு முடிச்சாக இருக்கும். அடைத்துவைத்து ஒரே தீவனம் போடும் இடங்களிலிருந்து வாங்கியவர்கள் இத்தகைய முட்டைகளைப் பார்த்திருக்கலாம். இந்தப் பண்ணையின் கோழிகள் திறந்தவெளியில் மேய்கின்றன என்று அனுப்பிய படங்கள் பொய்யில்லை என்று நினைக்கிறேன்.

கடைசி மூன்று நாட்களில் நடக்கும் இழப்புக்கு விற்றவரை இழுப்பது பெரும்பாலும் நியாயமில்லை. பதினெட்டாம் நாளுக்குள் முட்டையின் காற்றறை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகி, மீதி முழுவதும் கருத்துவிடும். பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு முதலில் உட்சவ்வைக் கிழித்துக் காற்றறையில் அலகை நீட்டி மூச்சு விடும். பிறகு ஓட்டில் ஒரு பொத்தல் போடும். அந்தப் பொத்தலிலிருந்து முழுதாக வெளிவர அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை ஆகலாம். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, சவ்வு நரம்புகளில் உள்ள இரத்தம் வற்றுகிறது. பொறுமையில்லாமல் ஓட்டை உரித்துவிட்டால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கும். பொத்தல் போட்ட பிறகு சவ்வு காய்ந்து ஒட்டிக்கொண்டு இறந்தால் அது ஈரப்பதக் குறைவு. சித்திரைக் காற்றில் எங்களிடம் அப்படி ஒன்றிரண்டு நேர்ந்தன. கூடையின் அடிமணலைச் சுற்றி வெதுவெதுப்பான நீர் தெளித்த பிறகு மற்றவை தப்பின. இதை நான் அவர் கணக்கில் எழுதவில்லை.

இன்னொரு வகை இழப்பு பார்சல் முட்டைக்கே உரியது. வெவ்வேறு நாட்களில் இட்டவை, வெவ்வேறு அளவில் வெப்பம் பட்டவை என்பதால் ஒரே நாளில் எல்லாம் பொரிப்பதில்லை. முதல் குஞ்சுகள் காய்ந்து கத்தத் தொடங்கியதும் சில கோழிகள் மீதி முட்டையை விட்டுவிட்டு இரைதேடக் கிளம்பிவிடும். உள்ளே அலகு தட்டும் சத்தத்தோடு குளிர்ந்துகிடக்கும் முட்டையை எடுத்து வேறு அடைக்கோழியின் கீழ் வைக்கலாம். அதற்கு வழியில்லாவிட்டால், பொரித்த குஞ்சுகளைத் தனியாக எடுத்துச் சூடான இடத்தில் வைத்துக்கொண்டு, கோழியை இன்னும் ஒரு நாள் அடையில் இருத்தலாம். வயிற்றில் உள்ள மஞ்சள் கருவே இரண்டு நாட்களுக்குத் தாங்கும் என்பதால் குஞ்சுகள் பசியால் வாடிப்போகா. பண்ணைக்காரர் ஒரு பார்சலில் இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள் இட்ட முட்டைகளை மட்டும் சேர்த்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். எனக்கு வந்தவற்றில் ஐந்து நாள் வித்தியாசம் இருந்தது. தேதியை மறைக்காமல் எழுதியிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருபத்து மூன்றாம் நாளுக்குப் பிறகும் அசைவில்லாத முட்டைகளைக் கூடையில் விட்டுவைப்பதில் பயனில்லை. காதருகே ஆட்டினால் தளும்பும் முட்டை, ஓட்டில் எண்ணெய்போலக் கசியும் முட்டை, அருகில் சென்றாலே நாறும் முட்டை ஆகியவற்றை உடைத்துப் பார்க்கும் ஆர்வத்தையும் அடக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே சேர்ந்த வாயு வெடித்து உடுப்பெல்லாம் தெறிக்கும், நாற்றம் குளித்தாலும் போகாது. அவற்றைத் தாளில் சுற்றி ஆழக் குழிதோண்டிப் புதைப்பதே சரி. கோழிகளுக்கு எட்டும்படி எறிந்தால் அவை முட்டை கொத்தித் தின்னப் பழகிவிடும். நாய் ருசி கண்டால் நாளைக்குக் கூடைக்கே வந்துவிடும். தை மாதத்தில் இத்தகைய நாறிய முட்டை ஒன்றுகூட இல்லை. கழுவாத, கீறல் இல்லாத முட்டைகளை அனுப்பியதன் பயன் அது.

குஞ்சுகள் வளர்ந்த பிறகு தெரிந்த ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சிறுவிடை என்று விற்ற முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளில் சில, இரண்டு மாதம் கடந்ததும் கால் நீண்டு, கழுத்து உயர்ந்து, உடல் பருத்துப் பெருவிடைச் சாயலில் நின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அடைகாக்கும் குணத்துக்காகவும் சிறிய உடலுக்காகவும் சிறுவிடை தேடி வாங்குபவருக்கு அது கேட்ட பொருள் இல்லை. பண்ணையில் இரண்டு வகையும் இருப்பதைப் படங்களிலேயே காணலாம். ஒருமுறை சேவலோடு சேர்ந்த பெட்டை இரண்டு வாரம் வரையிலும், சில நேரம் அதற்கு மேலும், அதே சேவலின் கருவுள்ள முட்டையை இடும். ஆகவே முட்டை எடுக்கும் நேரத்தில் மட்டும் பிரித்து அடைத்தால் போதாது. வேற்றுச் சேவலை விலக்கி மூன்று வாரமாவது கழித்தே இனத்தூய்மையோடு விற்க முடியும். இதைக் கேட்டபோது தெளிவான பதில் வரவில்லை. குழப்பத்தை ஒப்புக்கொண்டு "கலப்பு" என்று சொல்லி விலை குறைத்து விற்றால் நானே வாங்குவேன்.

ஒருநாள் குஞ்சாகவே வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற அரசுசார் இடங்களில் மேம்படுத்தப்பட்ட நாட்டுக்கோழி இனங்களின் குஞ்சுகளைக் கேட்டுப் பார்க்கலாம். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி ஆலோசனையும் அங்கே கிடைக்கும். ஆனால் தாயில்லாக் குஞ்சுகளுக்குப் பல்பு வெப்பம், காவல், தீவனம் எல்லாவற்றையும் நாமே பார்க்க வேண்டும். பருந்தைப் பார்த்ததும் குரல் கொடுத்து இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும் தாய் கூடவே இருப்பதுதான் அடைமுட்டையில் கிடைக்கும் ஆதாயம். வீட்டில் அடைக்கோழி தயாராக இருந்தால் அடைமுட்டையே லாபம். அடுத்த தெருவில் நல்ல சேவலோடு கோழி வளர்ப்பவர் இருந்தால் பார்சலுக்கே போகத் தேவையில்லை. அந்த முட்டையில் பத்துக்கு எட்டுப் பொரிப்பது இயல்பு. தொலைவிலிருந்து வருவதில் பாதி பொரித்தாலே திருப்திப்பட வேண்டியிருக்கும். எங்களுக்குத் தை மாதத்தில் பாதிக்கு நன்றாகவே மேலே கிடைத்தது.

கணக்கை முடித்துவிடுகிறேன். கருவுறுதல், பொதிதல், தேதி எழுதும் நேர்மை, தொலைபேசியில் பொறுமையாகச் சொல்லும் குணம் ஆகியவற்றுக்காகத் தை மாதத்து விற்பனைக்கு ஐந்துக்கு நான்கு. கோடையில் தெரிந்தே கூரியரில் அனுப்பியதற்கும், இரத்த வளையத்தை ஈட்டில் சேர்க்காததற்கும் சித்திரை விற்பனைக்கு ஐந்துக்கு ஒன்றரை. இனக்கலப்புக்காக இரண்டிலிருந்தும் அரை மதிப்பெண் கழித்துக்கொள்ளலாம். வாங்க நினைப்போர் ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையில், இரவுப் பேருந்தில், மூன்று நாளுக்குள் இட்ட முட்டை மட்டும் என்று சொல்லி ஆர்டர் கொடுங்கள். சேவலைப் பிரித்து வைத்திருக்கும் கூண்டின் படத்தையும் கேளுங்கள். எனக்கு அந்தப் படம் இன்னும் வரவில்லை. வந்தால், மழைக்காலம் முடிந்து அடுத்த கோழி உட்காரும்போது அவரிடமே வாங்குவேன்.